கோலம் அச்சேறிய கதை: வேலூர் வாசகர் வட்டம் ஒன்று தானே வடிவமைத்த 150 பொங்கல் வாழ்த்து அட்டைகள் – நிகழ்வு ஆய்வு

பின்னணி

வேலூரை அடுத்த காட்பாடிப் பகுதியிலுள்ள கிளை நூலகம் ஒன்றின் வாசகர் வட்டம், 2024ஆம் ஆண்டுப் பொங்கலுக்குத் தன் புரவலர்களுக்கும் மூத்த வாசகர்களுக்கும் அஞ்சலில் வாழ்த்து அட்டை அனுப்புவதென்று 2023 நவம்பர் இறுதியில் முடிவு செய்தது. பெயர்ப் பட்டியலில் ஏறத்தாழ 150 பேர் இருந்தனர். அவர்களில் பெரும்பாலோர் அறுபது வயதைக் கடந்தவர்கள். சிவகாசியில் அச்சான பொங்கல் வாழ்த்துகளைக் கடை வாசலில் நின்று பொறுக்கியெடுத்து, முகவரி எழுதி, அஞ்சல்தலை ஒட்டி அனுப்பிப் பழகியவர்கள். கைப்பேசியில் வந்து குவியும் வாழ்த்துப் படங்களை அவர்கள் திறந்து பார்ப்பதுகூட இல்லை என்று நூலகத்திலேயே சிலர் சொல்லியிருந்தனர்.

கடையில் ஆயத்த அட்டைகளை வாங்கி அனுப்பியிருக்கலாம். இணையத்தில் கிடைக்கும் வார்ப்புரு ஒன்றில் பெயரை மட்டும் மாற்றியும் அச்சிட்டிருக்கலாம். அட்டையிலுள்ள ஓவியம் வட்டத்தைச் சேர்ந்த ஒருவருடைய கையிலிருந்து வந்ததாக இருக்க வேண்டும் என்பதில் உறுப்பினர்கள் உறுதியாக இருந்ததால், இரண்டு வழிகளும் கைவிடப்பட்டன. பொறுப்பை மூவர் ஏற்றனர். ஒருவர் பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியை; இன்னொருவர் கணினிப் பயன்பாட்டியல் படிக்கும் கல்லூரி மாணவி; மூன்றாமவர் இராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலை ஒன்றில் நெடுங்காலம் வெட்டுப் பிரிவில் வேலை பார்த்தவர். நான் வட்டத்தின் உறுப்பினராக அவர்களுடைய பணியை அருகிலிருந்து பார்த்துக் குறிப்பெடுத்தேன். இதே வேலையில் இறங்க நினைக்கும் பிற வாசகர் வட்டங்களுக்கும் பள்ளிகளுக்கும் குடும்பங்களுக்கும் இப்பதிவு உதவும் என்று நம்புகிறேன்.

கோலத்தை வரைந்த விதம்

பானை, கரும்பு, சூரியன் என்னும் வழக்கமான மூன்றும் வேண்டாம், ஒரு சிக்குக் கோலம் மட்டும் போதும் என்று ஆசிரியை கருதினார். மார்கழியின் முதல் நாட்களில் அவர் தம் வீட்டு வாசலில் ஏழுக்கு ஏழு நேர்ப்புள்ளி வைத்துப் போட்ட கோலத்தை மாணவி கைப்பேசியில் படமெடுத்தார். வரைகலைக்கு இங்க்ஸ்கேப் என்னும் கட்டணமில்லா மென்பொருளைப் பயன்படுத்துவதென்று முன்பே முடிவாகியிருந்தது. அதில் கோடுகள் கணித வடிவில் சேமிக்கப்படுவதால், எவ்வளவு பெரிதாக்கினாலும் விளிம்பு சிதறாது.

புகைப்படத்தைத் தானாகவே கோடாக மாற்றித்தரும் வசதியை மாணவி முதலில் பயன்படுத்திப் பார்த்தார். விளைவு பயன்படவில்லை. கோலமாவு விழுந்த கோட்டின் ஓரம் இயல்பாகவே பிசிறாக இருக்கும். மென்பொருள் அந்தப் பிசிறுகள் அனைத்தையும் வடிவத்தின் பகுதியாகவே எடுத்துக்கொண்டது. ஒரே கம்பி இரண்டு விளிம்புகளாகப் பிரிந்தது. சிதறிய மாவுத் துகள்கள் தனித்தனித் தீவுகளாக நின்றன. முனைகளின் எண்ணிக்கை பெருகிக் கணினியே திணறியது. இங்க்ஸ்கேப்பின் 1.0 பதிப்பிலிருந்து கோட்டின் நடுவை மட்டும் பின்பற்றி வரையும் வாய்ப்பும் உண்டு. அதையும் முயன்றபோது, கம்பிகள் ஒன்றையொன்று கடக்கும் இடங்களிலெல்லாம் கோடு அறுந்தோ வேறொரு கம்பியோடு இணைந்தோ போயிற்று. சிக்குக் கோலத்தின் உயிரே அந்தக் கடக்கும் இடங்களில்தான் இருக்கிறது என்பதால் இதை ஏற்க முடியவில்லை.

எனவே புகைப்படத்தைப் பார்வைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, கோலத்தைப் புதிதாக வரைவதென்று முடிவு செய்தனர். 10 மி.மீ. இடைவெளியில் கட்டம் அமைத்துப் புள்ளிகளை வைத்தனர். ஆசிரியையின் கோலம் நடுப்புள்ளியை மையமாகக் கொண்டு நான்கு பக்கமும் ஒன்றுபோலத் திரும்புவது. ஆகவே கால்பங்கை மட்டும் வரைந்து, அதன் நகல்கள் மூன்றை 90 பாகை வீதம் சுழற்றி வைத்தால் முழுக் கோலமும் கிடைத்துவிடும். மூலத்தில் செய்யும் திருத்தம் நகல்கள் அனைத்திலும் தானே தோன்றும் என்பது இம்முறையின் பெரிய வசதி.

முதல் வரைவு திரையில் குறையில்லாமல் தெரிந்தது. ஆசிரியை மட்டும் திரைக்கு அருகே குனிந்து, ஒரு விரலால் கம்பியைத் தொடர்ந்துகொண்டே வந்து, ஓரிடத்தில் நிறுத்தினார்.

“கம்பி கூடலையே, கண்ணு. இங்க விட்டுப்போயிருக்குது பாரு.”

“எங்க டீச்சர்? எல்லாம் சேர்ந்துதான இருக்குது?”

அந்த இடத்தைப் பலமடங்கு பெரிதாக்கியபோதுதான் முடியளவு இடைவெளி ஒன்று தெரிந்தது. கோட்டின் முனை கட்டத்தோடு ஒட்டிக்கொள்ளும் வசதியை இயக்காமல் வரைந்ததால், முனை நடுக்கோட்டைத் தொடாமல் நின்றுவிட்டது; சுழற்றிய நகல்களிலும் அதே இடைவெளி வந்து, நான்கு இடங்களில் கம்பி அறுந்திருந்தது. அந்த வசதியை இயக்கி மூலத்தைத் திருத்தியதும் நான்கும் ஒன்றாகச் சரியாயின. பிறகு நகல்களை மூலத்திலிருந்து விடுவித்து, முனைகளை இணைத்து, கோலம் முழுவதையும் ஒரே தொடர்கோடாக்கி, 1.2 மி.மீ. தடிமனும் உருண்ட முனையும் கொடுத்தனர். கோலம் போடத் தெரிந்த ஒருவரின் கண் சரிபார்க்காமல் கோலத்தை அச்சுக்கு அனுப்பக் கூடாது என்பதை நான் அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறேன். இன்று அச்சாகும் எத்தனையோ அழைப்பிதழ்களில் கூடாத கம்பிகளும் வளைக்கப்படாத புள்ளிகளும் கொண்ட கோலங்களைப் பார்க்கிறோம்.

எழுத்துகளில் எழுந்த சிக்கல்

வாழ்த்து வாசகத்தை மாணவி தமிழ்99 விசைப்பலகையில் ஒருங்குறியில் (யூனிகோடில்) தட்டச்சு செய்தார். பக்க அமைப்புக்கு ஸ்க்ரைபஸ் மென்பொருளைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், நான்கு மைகளைக் கலந்து நிறங்களை உண்டாக்கும், அச்சுக்கு வேண்டிய சி.எம்.ஒய்.கே. நிறமுறையில் அது கோப்புகளைத் தரவல்லது என்பதே. கணினியில் ஏற்கெனவே இருந்த 1.4 வரிசைப் பதிப்பில் தமிழ் உடைந்து தெரிந்தது. ‘பொங்கல்’ என்று எழுதினால், பகரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய்க் காலோடு ஒட்டிக்கொண்டது. எழுத்துகளை இடம் மாற்றி அடுக்கும் திறன் அம்மென்பொருளுக்கு 1.5.3 பதிப்பிலிருந்தே வந்தது. புதிய பதிப்பை நிறுவியதும் அதே வாசகம் செம்மையாக அமைந்தது.

அட்டைகளைப் பின்னர் அச்சிட்டுத் தந்த அச்சகக் கடையில் வேறொரு தடை காத்திருந்தது. அங்கிருந்த வடிவமைப்பு மென்பொருள் பழைய பதிப்பு. தமிழுக்குப் பாமினி வகை எழுத்துருக்களையே அங்கு பயன்படுத்திவந்தனர். அவ்வகை எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்கள் பொருத்தப்பட்டிருக்கும் என்பதால், ஒருங்குறியில் அடித்த வாசகத்தை அவற்றால் காட்ட முடியாது. தமிழ்நாடு அரசு 2010ஆம் ஆண்டிலேயே ஒருங்குறியைத் தரமாக ஏற்றுவிட்டபோதிலும், சிற்றூர் அச்சகங்கள் பலவற்றில் இன்றும் இதுவே நிலை. வாசகம் முழுவதையும் தாமே மறுபடி அடித்துத் தருவதாக அச்சகத்தார் நல்லெண்ணத்தோடு முன்வந்தனர். புதிய பிழைகள் நுழையக்கூடும் என்பதாலும், தேர்ந்தெடுத்த எழுத்துரு கைவிட்டுப் போய்விடும் என்பதாலும் குழு அதை ஏற்கவில்லை. எழுத்துகளை வெறும் வடிவங்களாக மாற்றி, பி.டி.எஃப். கோப்பாகக் கொடுப்பதென்று முடிவாயிற்று. இவ்வாறு செய்தால் அச்சகத்துக் கணினியில் எழுத்துரு இல்லாவிட்டாலும் எதுவும் சிதறாது. வடிவமாகிவிட்ட வாசகத்தில் பிறகு ஓர் எழுத்தைக்கூடத் திருத்த முடியாது என்பது அதற்குரிய விலை. அதனால் திருத்தக்கூடிய மூலக்கோப்பும் அச்சுக்கோப்பும் தனித்தனிப் பெயரில் வைக்கப்பட்டன.

வீட்டு அச்சுப்பொறியைக் கைவிட்ட காரணம்

முதலில் எல்லாவற்றையும் மாணவியின் வீட்டிலுள்ள மைத்தொட்டி அச்சுப்பொறியிலேயே அச்சிடத்தான் எண்ணியிருந்தனர். 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள) பளபளப்பு ஆர்ட் அட்டை சிறிதளவு வாங்கப்பட்டது. அச்சுப்பொறியின் உருளைகளால் அத்தனை தடித்த அட்டையைப் பிடித்து இழுக்க முடியவில்லை. உள்ளே சென்ற சில தாள்களிலும் மை அட்டைக்குள் ஊறாமல் மேலேயே ஈரமாக நின்று, விரல் பட்டதும் இழுவியது. மேற்பூச்சுள்ள ஆர்ட் அட்டை திரவ மைக்காகச் செய்யப்பட்டதன்று; வெப்பத்தால் பதியும் டோனர் பொடிக்கு அது பொருந்தும். ஆகவே டிஜிட்டல் அச்சு வசதியுள்ள கடையில் 250 ஜி.எஸ்.எம். மங்கல் பூச்சு அட்டையில் அச்சிடுவதென்று தீர்மானித்தனர்.

அட்டையின் அளவைக் குறைத்த முடிவு

இந்நிகழ்வில் மற்றவர்கள் கற்றுக்கொள்வதற்கு மிகுதியான செய்தி இந்த இடத்தில்தான் இருக்கிறது. மாணவி அட்டையை 210 × 148 மி.மீ. அளவில் அமைத்து, நடுவே மடிக்கும்படி வைத்திருந்தார். முகப்பின் காவி நிறம் அட்டையின் ஓரம்வரை வர வேண்டுமானால், வெட்டும்போது வெள்ளை தெரியாமலிருக்க, வெட்டுக்கோட்டுக்கு வெளியேயும் 3 மி.மீ. நிறத்தை நீட்டி அச்சிட வேண்டும். அச்சகத்தார் இதைப் ப்ளீட் என்பார்கள். அதைச் சேர்த்தால் ஒவ்வோர் அட்டைக்கும் 216 × 154 மி.மீ. இடம் வேண்டும். கடையிலிருந்த தாளோ 12 × 18 அங்குலம், அதாவது ஏறத்தாழ 305 × 457 மி.மீ. இரண்டு அட்டைகளை அருகருகே வைத்தாலே 308 மி.மீ. ஆகிவிடுகிறது. மூன்று மி.மீ. குறைவால் ஒரு தாளில் நான்குக்குப் பதில் இரண்டே அட்டைகள் அமையும். 150 அட்டைக்கு 75 தாள்கள் தேவைப்படும்.

தோல் தொழிற்சாலையில் பணியாற்றியவர் கடையிலேயே ஒரு தாளை விரித்து, அட்டை அளவில் கத்தரித்த துண்டுகளை அதன்மேல் நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். தோலில் அச்சுகளை அடுக்கி வீணாகாமல் வெட்டிப் பழகிய கை அது. அட்டையை 200 × 140 மி.மீ. ஆக்கிவிட்டால், ப்ளீட் சேர்த்தும் 206 × 146 மி.மீ.தான் ஆகும் என்றார். இரண்டு இரண்டாக வைத்தால் 412 × 292 மி.மீ.; தாளில் நான்கு அட்டைகள் அடங்கி, ஓரத்தில் இயந்திரம் பிடித்துக்கொள்ளவும் வெட்டுக்குறிகளுக்கும் இடம் மிஞ்சும். 150 அட்டைக்கு 38 தாள்கள் போதும். கண்ணுக்குப் புலப்படாத அளவு சிறிதாக்கியதில் தாள்செலவு பாதியாகக் குறைந்தது. மடித்த அட்டை 100 × 140 மி.மீ. என்பதால், சாலையோரக் காகிதக் கடையில் கிடைத்த சாதாரணக் கவரிலும் அது இறுக்கமின்றி அடங்கியது.

இம்முடிவில் ஒரு குறையும் இருந்தது. கடைத்தாளின் இழை நீளவாக்கில் ஓடுவதைத் தாளை இரு பக்கமும் வளைத்துப் பார்த்து அறிந்தனர். இழையின் போக்கில் வளைக்கும்போது தாள் எளிதில் இணங்கும். நான்கு அட்டைகளாக அடுக்கும்போது மடிப்பு அந்த இழைக்குக் குறுக்கே விழுந்தது. குறுக்கு மடிப்பில் தடித்த அட்டை வெடிக்கும். அட்டைகளைத் திருப்பி வைத்தால் மடிப்பு இழையோடு அமையும். ஆனால் ஒரு தாளுக்கு மூன்று அட்டைகளே வரும், தாளும் 50 ஆகிவிடும். நான்கையே வைத்துக்கொண்டு, மடிப்பை வேறு வழியில் காப்பாற்றலாம் என்று குழு முடிவெடுத்தது.

மாதிரி அச்சில் கண்டவை

டிசம்பர் கடைசியில், நாட்காட்டி, நாட்குறிப்பு வேலைகளின் நெருக்கடிக்கு இடையே, கடையில் ஒரு மாதிரித் தாள் அச்சிட்டுத் தந்தார்கள். அந்த ஒரு தாள் நான்கு குறைகளைக் காட்டியது.

உட்பக்க வாசகம் தலைகீழாக வந்திருந்தது. தாளை நீளப் பக்கமாகத் திருப்புவதா, குறுகிய பக்கமாகத் திருப்புவதா என்பது கோப்பிலும் இயந்திரத்திலும் வேறுபட்டதே காரணம். வெள்ளைத் தாளை மடித்துப் பக்க எண்களைப் பென்சிலில் எழுதிய மாதிரி ஒன்றைக் கடையில் கொடுத்ததும் இக்குழப்பம் தீர்ந்தது.

கோலத்துக்கு ஓர அலங்காரமாக மட்டும் சேர்த்திருந்த, திரையில் பச்சென்று ஒளிர்ந்த கரும்புத் தோகைக் கரை, அச்சில் பாசி நிறமாக மங்கிவிட்டது. ஒளியால் உண்டாகும் நிறங்கள் அனைத்தையும் நான்கு மைகளால் கொண்டுவர முடியாது. ஒளிரும் பச்சை அப்படிப்பட்டவற்றுள் ஒன்று. கரையை நீக்கிவிட்டு, காவியும் வெள்ளையும் மட்டும் போதுமென்று விட்டனர். கோலத்துக்கு அதுவே பொருத்தமாகவும் அமைந்தது.

முகப்பின் கீழே காவியின்மேல் வெள்ளையில் 9 பாயிண்ட் எழுத்தளவில் வட்டத்தின் பெயரை இட்டிருந்தனர். கண்ணாடிவில்லை வைத்துப் பார்த்தபோது, மெய்யெழுத்துகளின் தலைப்புள்ளிகள் டோனரால் அடைபட்டுக் கிடந்தன. ‘வட்டம்’ என்பதில் இரு மெய்களின் புள்ளிகளும் மறைந்து, சொல் அகரமேறிய எழுத்துகளாகவே படிக்கக் கிடைத்தது. அவ்வரியைப் பின்னட்டையின் வெள்ளைப் பரப்புக்கு மாற்றி, கறுப்பு மை ஒன்றால் மட்டும் அச்சிடும்படி நிறத்தை அமைத்தனர். நான்கு மைகளும் கலந்த கறுப்பில் சிறிய எழுத்தை அச்சிட்டால், மைகள் இம்மியளவு விலகினாலும் ஓரத்தில் நிறம் கசியும் என்பதால், உட்பக்க வாசகத்துக்கும் இதையே பின்பற்றினர்.

நான்காவது குறை எதிர்பார்த்ததே: மடித்த இடத்தில் காவி வெடித்து, வெள்ளைக் கோடு பல்லிளித்தது. மேலே பிளாஸ்டிக் பூச்சு போடலாம் என்று கடைக்காரர் சொன்னார். ஒரு பக்கம் மட்டும் பூசினால் அட்டை சுருளக்கூடும், செலவும் கூடும். மாறாக, காவியை மடிப்புக்கு 5 மி.மீ. முன்னதாகவே நிறுத்திவிட்டனர். மடிப்பில் டோனரே இல்லையென்றால் வெடிப்பதற்கும் அங்கே எதுவுமில்லை. முதுகையொட்டி வெள்ளைப் பட்டை ஒன்று விழுந்த அந்த அமைப்பு, புத்தகத்தின் முதுகைப்போல அழகாகவே தோன்றியது.

தேதியைத் திருத்தியது

அச்சுக்கோப்பு உருவான பிறகு, உட்பக்கத்தில் பொங்கல் நாள் ஜனவரி 14 என்று இருப்பதை ஆசிரியை கண்டார். 2024இல் தை முதல் நாள் ஜனவரி 15, திங்கட்கிழமை. பல ஆண்டுகளில் 14ஆம் நாள் வந்ததால் கை பழக்கத்தில் அப்படி எழுதிவிட்டது. எழுத்துகள் வடிவங்களாகிவிட்டதால் மூலக்கோப்புக்குத் திரும்பி, திருத்தி, மறுபடி அச்சுக்கோப்பு உருவாக்க வேண்டியதாயிற்று. அதே வேளையில் திருவள்ளுவர் ஆண்டையும் சரிபார்த்தனர். பொது ஆண்டோடு 31ஐக் கூட்டினால் 2055, அது சரியாகவே இருந்தது. மூலத்தைத் தனியே வைத்திருந்த முன்யோசனை இங்கே கைகொடுத்தது.

அச்சும் மடிப்பும் அஞ்சலும்

பழுதாகும் அட்டைகளை ஈடுகட்ட 40 தாள்கள் அச்சிடப்பட்டுக் கடையிலேயே வெட்டப்பட்டன. மடிப்புக் கோடு பதிக்கும் இயந்திரத்துக்கு அந்த வாரம் நேரமில்லை என்று கடையில் சொன்னதால், அவ்வேலை நூலகத்தின் நீள மேசைக்கு வந்தது. பழைய நாளிதழ்களை மெத்தைபோல் அடுக்கி, அதன்மேல் அட்டையை வைத்து, இரும்பு அளவுகோலை நடுவில் அழுத்தி, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் ஒரே இழுப்பாக ஒரு கோடு. பள்ளம் விழுந்த பக்கம் வெளிப்புறமாக இருக்குமாறு மடிக்க வேண்டும் என்பதைத் தோல் வேலை தெரிந்தவர் ஒவ்வொருவருக்கும் செய்துகாட்டினார். பள்ளம் உள்ளே போகும்படி மடித்த சில அட்டைகளில் மடிப்பு நேராக அமையாமல் தாள் சுருங்கியதை எல்லோரும் கண்டனர்.

முகவரிகளைக் கையாலேயே எழுதினர். 250 ஜி.எஸ்.எம்.மில் ஓர் அட்டை 7 கிராம். கவரோடு சேர்த்தும் 20 கிராமுக்கு உட்பட்டதால் ஐந்து ரூபாய் அஞ்சல்தலை போதுமானதாயிற்று. ஜனவரி 8 அன்று எல்லாம் அஞ்சலில் சேர்ந்தன.

விளைவு

பெரும்பாலான அட்டைகள் போகிக்கு முன்பே சேர்ந்துவிட்டன. ஏழு கவர்கள் திரும்பி வந்தன. பதிவேட்டில் சில முகவரிகள் இன்னும் வட ஆற்காடு மாவட்டம் என்றும், 2019இல் இராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களான பின்னரும் வேலூர் மாவட்டம் என்றுமே இருந்தன. கவர்கள் திரும்பியதற்கு மாவட்டப் பெயர் காரணமாகவில்லை. அஞ்சல் குறியீட்டு எண் இல்லாமையும் வீடு மாறியதுமே காரணம்.

குடியாத்தத்திலிருந்து ஒரு புரவலர் அஞ்சலட்டையில் பதில் எழுதியிருந்தார். தம் மனைவி அட்டையைப் பார்த்தே அந்தக் கோலத்தைப் பொங்கலன்று வாசலில் போட்டதாகவும், ஏழு புள்ளியும் கணக்குத் தப்பாமல் கூடிவந்ததாகவும் அதில் குறித்திருந்தார். கால்பங்கு வரைந்து கம்பியைக் கூட்டிய உழைப்புக்கு இதைவிடத் தெளிவான சோதனை இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. இயந்திரம் தானே வரைந்துதந்த முதல் வடிவம் அச்சாகியிருந்தால் அதைப் பார்த்து யாரும் கோலம் போட்டிருக்க முடியாது.

அடுத்த முறை மாற்றப்படுபவை

கவர், தாளின் அளவு, கடையின் இயந்திரம் ஆகிய மூன்றும் முடிவான பிறகே திரையில் வேலை தொடங்க வேண்டும் என்று குழு தீர்மானித்திருக்கிறது. இம்முறை அளவை மாற்றியதால் கோலத்தையும் வாசகத்தையும் இரண்டாம் முறை அடுக்க வேண்டியிருந்தது. அந்த உழைப்பு முழுவதும் தவிர்க்கக்கூடியது. மாதிரித் தாளை டிசம்பர் முதல் வாரத்தில், அச்சகத்தில் நெருக்கடி தொடங்குமுன் எடுத்துவிட வேண்டும் என்பது அடுத்த முடிவு. கடையை மாற்ற வேண்டும் என்று ஓர் உறுப்பினர் சொன்னார். நான் அதற்கு உடன்படவில்லை. மடித்த மாதிரியையும் வடிவமாக்கிய கோப்பையும் கையில் கொடுத்த பிறகு அந்தக் கடை பிழையின்றியே செய்து தந்தது.

நாளும் ஆண்டும் இனி மூலக்கோப்பில் தனி அடுக்கில் இருக்கும். எழுத்துகளை வடிவமாக்குமுன் இருவர் அதை நாட்காட்டியோடு ஒப்பிட்டுக் கையொப்பமிடுவார்கள். முகவரிப் பதிவேட்டைக் கார்த்திகையிலேயே தொலைபேசியில் சரிபார்க்கும் பொறுப்பு ஓர் உறுப்பினரிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. மடிப்புக்கு இணங்கும் குறுக்கிழைத் தாளை முன்கூட்டியே வரவழைத்துத் தர முடியுமா என்று அச்சகத்தில் கேட்டிருக்கிறார்கள்; கிடைத்தால் காவியை முதுகுவரை கொண்டுபோகலாமா என்பதை அந்தத் தாளில் ஒரு மாதிரி எடுத்துப் பார்த்த பிறகு முடிவு செய்வார்கள்.